தினமும் ஐநூறு

குழந்தைவேலுவுக்கு ரவுண்டான தொகை என்றாலே ஆகாது. கூட்டுறவு சங்கங்களில் முப்பத்திரண்டு வருடம் தணிக்கை பார்த்தவர். நூற்று நாற்பத்தேழு என்று எழுதியிருந்தால் தாண்டிப் போவார். நூற்றைம்பது என்றிருந்தால் பேனாவை அங்கேயே நிறுத்திவிடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு, மருதமலை அடிவாரத்தில் தயாபரி அம்மை நடத்திவந்த மடத்தில் வந்து சேர்ந்தார். அம்மைக்கு நாற்பத்துநாலு வயது. அவருக்கு அறுபத்தொன்று. விடிந்ததும் அம்மையிடம் பாடம் கேட்பார். பிறகு மடத்தின் வரவு செலவைப் பார்ப்பார். மதியம் அங்கே அறுபது பேருக்குக் கஞ்சி ஊற்றுவார்கள்.

அந்தக் கஞ்சிச் செலவுக்கென்று ஒரு மில்காரர் கார் ஒன்றைக் கொடுத்திருந்தார். அதை வாடகைக் கார் கம்பெனி ஒன்றின் ஆப்பில் போட்டு ஓட்ட வேண்டும். கம்பெனி கமிஷனும் டீசலும் போக மிஞ்சுவதில் பாதி மடத்துக்கு, பாதி டிரைவருக்கு. இதுதான் பேச்சு. ஓட்ட வந்தவர் வெள்ளியங்கிரி. தவணை கட்ட முடியாமல் தன் சொந்தக் காரை பைனான்ஸ்காரர்களிடம் விட்டவர்.

ஆரம்ப நாட்கள் போக, எட்டு மாதமாக அவர் ஒவ்வொரு நாள் காலையும் ஐநூறு ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு ரூபாய் கூடியதில்லை, குறைந்ததில்லை.

ஒரு நாள் பாடம் முடிந்தும் குழந்தைவேலு எழுந்திருக்கவில்லை.

"அம்மா, நம்பி விட்ட ஆளு திருடினா என்ன பண்றதுங்க?"

"யாரு?"

"வெள்ளியங்கிரி."

"எவ்வளவு திருடினார்?"

"அது தெரியலைங்க."

"எவ்வளவு சம்பாதிக்கிறார்?"

"அதுவும் தெரியலை. ஆனா பெட்ரோல் பங்க் சுவத்துல கம்பெனிக்காரனே எழுதி வெச்சிருக்கான். மாசம் எழுபதாயிரம் வரைன்னு."

"வரைன்னா?"

குழந்தைவேலு அதைக் காதில் வாங்கவில்லை. "பாதின்னா முப்பத்தஞ்சாயிரம் வரணுமுங்க. நமக்கு வர்றது பதினஞ்சு. தினம் எண்ணூறு தர்றேன்னு வேறொரு ஆளு கேட்டிருக்கான். இவரை நிறுத்திடலாமுங்களா?"



"நிறுத்தலாம். அதுக்கு முன்னால ஒரு நாள் அந்தக் காருல முன் சீட்டில உக்காருங்க. பேனா கொண்டு போங்க. அவரை ஒண்ணும் கேக்காதீங்க."

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவர் முன் சீட்டில் ஏறினார். மடியில் நீள நோட்டு. வெள்ளியங்கிரி அந்த நோட்டைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. வண்டியை எடுத்தார்.

முதல் சவாரி வடவள்ளியிலிருந்து விமான நிலையம். இறங்கியவர் ஐந்நூற்றிருபது கொடுத்துவிட்டுப் போனார். குழந்தைவேலு எழுதினார். ஒரே சவாரியில் ஐந்நூற்றிருபது! பேனாவை அழுத்திப் பிடித்தார்.

வெள்ளியங்கிரி போனைத் திருப்பிக் காட்டினார். அதில் உங்கள் பங்கு முந்நூற்றுத் தொண்ணூறு என்றிருந்தது. அங்கிருந்து ஹோப் காலேஜ் வரை வண்டி காலியாகவே வந்தது. அதற்கும் டீசல் எரிந்தது.

இரண்டாவது சவாரியில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் ஏறினார். நல்லவர். சாய்ந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்.

"ஒரு நாளைக்கு மூவாயிரம் கையில நிக்குங்களா?"

"நிக்குமுங்க. பரவாயில்லைங்க" என்றார் வெள்ளியங்கிரி.

குழந்தைவேலுவின் பேனா ஓடியது. 'தன் வாயால் ஒப்புக்கொண்டது: மூவாயிரம்.' அடியில் இரண்டு கோடு போட்டார்.

காந்திபுரத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"முன்னால யாருங்க?"

"எங்க மடத்து ஐயாங்க. சும்மா கூட வர்றாருங்க."

அவள் குழந்தைவேலுவை ஏற இறங்கப் பார்த்தாள். பின்வாங்கி நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தாள். சவாரியை ரத்து செய்துவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்தாள்.

"என்னைப் பாத்தா சந்தேகப்படறா?" என்றார் குழந்தைவேலு. முகம் சிவந்துவிட்டது.

"அவங்களைச் சொல்லிக் குத்தமில்லீங்க. ஒத்தைல போறவங்க."

மதியம் மணி இரண்டாயிற்று. வெள்ளியங்கிரி எங்கேயும் சாப்பிட நிறுத்தவில்லை. கதவோரம் வைத்திருந்த இரண்டு வாழைப்பழத்தில் ஒன்றை நீட்டினார். குழந்தைவேலு வேண்டாம் என்றார். மூன்று மணிக்கு அவரே கேட்டு வாங்கித் தின்றார்.

சாயந்திரம் ஏழு மணிக்கு வண்டி மடத்து வாசலுக்கு வந்தது. பதினொரு சவாரி. பன்னிரண்டு முடித்திருந்தால் கம்பெனி முந்நூற்றைம்பது சேர்த்துக் கொடுத்திருக்கும். காந்திபுரத்துச் சவாரி ரத்தாகாமல் இருந்தால் பன்னிரண்டு ஆகியிருக்கும்.

குழந்தைவேலு காரில் உட்கார்ந்தபடியே கூட்டினார். ஜனங்கள் கொடுத்தது இரண்டாயிரத்து நானூறு. கம்பெனி எடுத்துக்கொண்டது அறுநூற்றுப் பத்து. டீசல் தொள்ளாயிரத்து அறுபது. பார்க்கிங் அறுபது. மிச்சம் எழுநூற்று எழுபது. அதில் பாதி முந்நூற்று எண்பத்தைந்து.

மறுபடி கூட்டினார். அதேதான் வந்தது.

வெள்ளியங்கிரி சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். "நாளைக் காலைக்குப் பதிலா இப்பவே குடுத்துடறேனுங்க."

ஐநூறு.

ஒன்றும் கேட்கக் கூடாது என்று அம்மை சொன்னது குழந்தைவேலுவுக்கு மறந்துபோயிற்று.

"முந்நூத்தி எண்பத்தஞ்சுதானே வருது? எதுக்குப்பா ஐநூறு?"

வெள்ளியங்கிரி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத நாளு நல்ல ஓட்டமுங்க. ஐநூறு குடுத்தேன். ரெண்டாம் நாளு முந்நூத்திப் பத்து குடுத்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நீங்க அதை ரெண்டு தடவை எண்ணினீங்க. அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தீங்க. இந்த வண்டியும் போச்சுன்னா எனக்கு வேற வழியில்லீங்க. அதுக்கப்புறம் குறைக்கலை."

"குறையற அன்னைக்கு?"

"வீட்டுல தையல் காசு இருக்குமுங்க."

"அந்தப் பேராசிரியர்கிட்ட மூவாயிரம்னியே?"

"கம்மின்னு சொன்னா, மேல காசு கேக்கறதுக்கு அடி போடறான்னு நினைப்பாங்க. அதிகமாச் சொன்னா ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

குழந்தைவேலு இறங்கினார். நோட்டை எடுத்துக்கொண்டு நேராக அம்மையிடம் போனார். எல்லாவற்றையும் சொன்னார். நாளைக்கு நூறு வீதம் எட்டு மாதத்துக்குக் குத்துமதிப்பாக இருபத்துநாலாயிரம் கூடுதலாக வாங்கியிருக்கிறோம் என்றார்.

அம்மை நோட்டை வாங்கவில்லை.

"திருப்பிக் குடுத்துடுங்க. தப்பையும் சொல்லிடுங்க" என்றாள்.

காலையில் உறையில் பணத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு குழந்தைவேலு காருக்குப் போனார். வெள்ளியங்கிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதை வாங்கிக்குங்க. இருபத்துநாலாயிரம் இருக்குது. உங்க காசு. நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

வெள்ளியங்கிரியின் கை நின்றது. உறையைத் தொடவில்லை.

"என்னங்கய்யா, இன்னிக்கு வாங்க போங்கன்னு பேசறீங்க?"

"இனிமே அப்படித்தான்."

"வேற டிரைவர் போட்டுட்டீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப இது எதுக்குங்க? எதுலயாவது கையெழுத்துப் போடணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா வாங்கிக்குங்க."

"சும்மா யாருங்க இருபத்துநாலாயிரம் குடுப்பாங்க?" வெள்ளியங்கிரி அவர் முகத்தையே பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. எனக்கு வேண்டாம். வண்டியை மட்டும் வாங்கிடாதீங்க."

காரில் ஏறிக் கிளம்பிவிட்டார்.

அம்மை அடுப்படியில் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். குழந்தைவேலு உறையோடு வந்து நின்றார்.

"வாங்க மாட்டேங்கறாருங்கம்மா. தப்பு என்னுதுன்னு சொன்னேன். கெஞ்சாத குறை. அப்பவும் என் மூஞ்சியையே பாக்கறார். நான் ஏதோ குழி வெட்டற மாதிரி. அந்தப் பார்வையைத் தாங்க முடியலைங்கம்மா. அந்த இடத்துல என்னால நிக்கவே முடியலை."

அம்மை களைந்த தண்ணீரை வடித்தாள்.

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"அஞ்சு நிமிஷம் இருக்குமுங்க."

அவள் அடுத்த படி அரிசியை அளந்து போட்டாள்.

"நாளைக்கும் போய் நில்லுங்க."