முன்கைத் தழும்புகள்

சென்னியப்பன் பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் வேலை பார்த்தவன். உருகிய இரும்பை அச்சில் ஊற்றுகிற வேலை. பொறி தெறித்துத் தெறித்து அவன் முன்கை முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தழும்புகள். அம்மை போட்ட கை என்று கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். அவர்கள் கையும் அப்படித்தான் இருந்தது.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்கள் உசுப்பிவிட, விளையாட்டாகப் போய் வரிசையில் நின்றான். எடுத்துக்கொண்டார்கள். மறுவருஷமே சண்டை மூண்டது.

எல்லையில் ஒரு பதுங்குகுழிக்குள் குதித்தபோது எதிரே ஒருவன் துப்பாக்கியைத் தூக்கினான். சென்னியப்பன் முந்திக்கொண்டான்.

விழுந்தவன் உடனே சாகவில்லை. கையை நீட்டி ஏதோ கேட்டான். பாஷை புரியவில்லை, தண்ணீராகத்தான் இருக்கவேண்டும். நீட்டிய கையில் சட்டை விலகியிருந்தது. முன்கை முழுக்க அதே தழும்புகள். சென்னியப்பன் தண்ணீர்க் குடுவையைத் திறப்பதற்குள் அந்தக் கை தளர்ந்துவிட்டது.

ஊர் திரும்பினான். பழைய வேலையே கிடைத்தது. ஆனால் இரும்புக் குழம்பு அச்சுக்குள் இறங்கும்போதெல்லாம் நீட்டிய அந்தக் கை கண்முன் வந்தது. ஒருநாள் குழம்பு தரையில் கொட்டி, பக்கத்தில் நின்றவன் மயிரிழையில் தப்பினான்.

அன்றே வேலையை விட்டுவிட்டு, நொய்யல் கரையில் இருந்த ஒரு சிறு மடத்துக்குப் போனான். மடத்தை நடத்திய சிவஞானத்தம்மை அவனைவிட இளையவர். ஒன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்.

மாதக்கணக்கில் விறகு பிளந்தான், ஜபம் செய்தான். ஒரு மத்தியானம் அவர்முன் வந்து எல்லாவற்றையும் சொன்னான்.

“கண்ணை மூடினா அந்தக் கைதானுங்க வருது, தாயே. மறக்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

“அவன் பேரென்ன?”

“தெரியாதுங்க.”

“ஊரு?”

“அதுவும் தெரியாதுங்க.”

“எப்படிச் செத்தான்னு அவன் வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமா?”

“எப்படிங்க தெரியும்? அந்தக் குழியில நாங்க ரெண்டு பேருதானுங்க.”

அம்மை எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். சென்னியப்பனுக்கு இலை போட்டார். பக்கத்தில் இன்னொரு இலை. இரண்டிலும் சோறு வைத்தார். இரண்டாவது இலைக்குப் பக்கத்தில் தண்ணீரும் வைத்தார்.

“இது யாருக்குங்க?”

“அவனுக்கு.”

சென்னியப்பன் சோற்றில் கை வைக்கவில்லை. வெகுநேரம் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“தாயே, நான் மறக்கத்தானுங்க வழி கேட்டேன்.”

“நீயும் மறந்துட்டா, எல்லைக்கு இந்தப் பக்கத்துல அவனுக்குன்னு வேற யாருப்பா இருக்கா?”