துரையின் இடது பின்னங்கால்

"கொள்ளு என்றால் வாயைத் திறக்குது, கடிவாளம் என்றால் மூடிக்குது. இது குணம் கெட்ட குதிரை, குமுதா."

இன்னாசி சார் இதைச் சொல்லிக்கொண்டேதான் கேட்டுக்குள் நுழைந்தார். வணக்கம் கிடையாது, சௌக்கியமா கிடையாது.

குமுதா சாணம் வாரிக்கொண்டிருந்தாள். கோத்தகிரிக்குக் கீழே ஒன்பது குதிரைகளை வளர்க்கிறவள். வயது முப்பத்திநான்கு. அந்தக் காலத்தில் இதே இன்னாசி சாரிடம் கணக்குப் படித்து இரண்டு முறை ஃபெயிலானவள்.

அவளிடம் போய் நிற்கலாமா என்று அவர் நான்கு மாதம் யோசித்தார். அதற்குள் குதிரைக்கு நான்கு மாதம் வயது கூடியதுதான் மிச்சம்.

"என்ன செய்யுது சார்?"

"என்ன செய்யலைன்னு கேளு."

குதிரை சாதாரணக் குதிரை இல்லை. வேல்ஸ் தேசத்து காப் இனம். தடித்த கழுத்து, அகன்ற மார்பு, நான்கு காலிலும் பாவாடை கட்டிவிட்ட மாதிரி ரோமம். தேயிலைத் தோட்டத்து நண்பர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது, ரிடையரான வாத்தியாருக்குப் பொழுது போகட்டும் என்று விட்டுப்போனது. மூன்று வயது. பெயர் துரை.

"தாழ்ப்பாளை உதட்டாலயே திறக்குது. என்னைப் பார்த்துக்கிட்டே திறக்குது, குமுதா!"

"கெட்டிக்காரக் குதிரை."

"குளம்பைச் சுத்தம் பண்ணணும், காலைத் தூக்குன்னேன். முதல் தடவை அழகாத் தூக்கிச்சு. ரெண்டாம் தடவை யோசிச்சுது. மூணாம் தடவை இழுத்துக்கிச்சு. இப்போ அந்த இடது பின்னங்கால் பக்கம் போனாலே உதைக்குது."

"பட்டுதா?"

"எனக்கில்லை. காபி கொண்டு வந்த ரோசலினுக்கு. டம்ளர் போச்சு. அவ ஒரு சாண் தள்ளி நின்னதால பிழைச்சா."

ரோசலின் அவர் மனைவி. டம்ளர் போனதையே மறக்காதவள்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும், அது காலைத் தூக்கறதைத் தன் கண்ணால பார்க்கணும்னுட்டா. இல்லேன்னா கல்யாண ஊர்வலக்காரருக்குப் போன் போட்டுடுவாளாம். அவர் எப்போ வேணா லாரியோட வந்து அதை வாங்கிட்டுப் போகத் தயார்."

"மேளம், வெடி, அத்தனைக்கும் நடுவுலயா?"

இன்னாசி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"குட்டிம்மா அது. பயந்து செத்துடும்."

குமுதா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள்.

"கொள்ளு எவ்வளவு போடறீங்க?"

"காலையில ஒரு படி, சாயங்காலம் ஒரு படி."

"பந்தயத்துக்கா அனுப்பறீங்க? மழையில நனைஞ்ச மேட்டுப் புல்லைத் தின்னே கொழுக்கிற சாதி சார் இது. இன்னையோட நிறுத்துங்க."

"அவ்வளவுதானா?"

"அது வயித்துக்கு."

"குணத்துக்கு? அதுக்கு என்ன குணம்னு சொல்லு. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

குமுதா கையைக் கழுவினாள். நிதானமாகத் துடைத்தாள்.

"அந்த கேட்டைத் திறங்க சார்."

அவர் போய்த் திறந்தார்.

"கேட்டைத் திறங்க."

திறந்துதான் இருந்தது. சரி, இன்னும் அகலமாக வேண்டும்போல என்று வேலியில் இடிக்கிறவரை தள்ளினார்.

"கேட்டைத் திறங்க."

இரட்டைக் கதவு அது. மற்றக் கதவு துருப்பிடித்துப் பல வருடமாக அசையாதது. தோளைக் கொடுத்து அதையும் திறந்தார். சட்டையில் துரு.

"கேட்டைத் திறங்க."

மூடிவிட்டு முதலிலிருந்து திறந்தார். ஒருவேளை தாழ்ப்பாள் போட்டுத் திறக்க வேண்டுமோ என்று அதையும் செய்து பார்த்தார்.

"கேட்டைத் திறங்க சார்."

"உனக்குக் கண்ணு தெரியுதா, இல்லையா?"

"கேட்டைத் திறங்க."

இன்னாசி சார் கேட்டை ஓங்கி ஓர் உதை விட்டார். ஒன்பது குதிரைகளும் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"தெரிஞ்சுபோச்சு," என்றாள் குமுதா.

"என்ன தெரிஞ்சுது?"

"உங்களுக்கு உதைக்கிற குணம்."

"ஏம்மா, நான் முதல் தடவையே திறந்துட்டேனே!"

"திறந்தீங்க."

"அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்ப..."

அவர் அங்கேயே நிறுத்தினார்.

நாற்பது வருடம் அவர் வகுப்பில் ஒரே பேச்சு. கணக்கைத் தப்பாகப் போட்டவனிடமும் அதேதான், சரியாகப் போட்டவளிடமும் அதேதான். "இன்னொரு தடவை போடு." சரியாகப் போட்ட பிள்ளை, எங்கோ தப்பு போலிருக்கிறது என்று விடையை அழித்துவிட்டு வேறொன்றை எழுதும். அதற்கு அடி விழும்.

குமுதா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாணத்துக்குத் திரும்பியிருந்தாள்.

"குமுதா."

"சார்."

"அன்னைக்கு அந்த வட்டத்துக் கணக்கை நீ முதல்ல சரியாத்தான் போட்டியா?"

"எந்தக் கணக்கு சார்?" என்றாள் குமுதா.

எந்தக் கணக்கு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முகத்தில் காட்டவில்லை.

வியாழக்கிழமை கொள்ளு இல்லை. துரை காலி வாளியை முற்றம் முழுக்க உருட்டியது.

இன்னாசி சார் அதன் இடுப்பில் கை வைத்தார். மெல்ல இறக்கிக்கொண்டே போனார். துரை உதைக்கவில்லை. தூக்கவும் இல்லை. உடம்பின் பாரத்தை மட்டும் மற்ற மூன்று காலுக்கு மாற்றிக்கொண்டது.

"நல்லது," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்துவிட்டார்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றாள் ரோசலின். "நான் வெங்காயம்கூட உரிச்சு முடிக்கலை."

வெள்ளிக்கிழமை குளம்பின் பின்பக்கம் தரையைவிட்டு எழும்பியது. ஒரு தீப்பெட்டி நுழையும் உயரம்.

"நல்லது," என்று வந்துவிட்டார்.

சனிக்கிழமை நாள் முழுக்க மழை. துரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. கை வைத்தால் தோலைச் சிலிர்த்து உதறியது. அவர் குமுதாவுக்குப் போன் செய்தார்.

"இன்னைக்கு அது ஒண்ணுமே செய்யலைம்மா."

"நீங்க?"

"நானும்தான் செய்யலை. சும்மா பக்கத்துல நின்னேன்."

"நல்ல வேலை சார்," என்று அவள் வைத்துவிட்டாள்.

நாளைக்குத் தூக்குமா என்று கேட்பதற்குத்தான் அவர் போன் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரோசலின் பட்டுப்புடவையோடு வேலிக்கு வெளியே வந்து நின்றாள். கையில் போன். ஊர்வலக்காரரின் நம்பரை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள்.

"சீக்கிரம் ஆகட்டும். கறி அடுப்புல இருக்கு."

"கொஞ்சம் சத்தம் போடாம இரு ரோசி."

"நான் எங்கே சத்தம் போட்டேன்? சத்தம் போடறது உங்க துரைதான்."

துரை ஒரு காதை அவள் பக்கமும் இன்னொரு காதை அவர் பக்கமும் வைத்திருந்தது.

அவர் இடுப்பில் கை வைத்தார். தொடை. முட்டி. ரோமப் பாவாடை.

"தூக்கு," என்றார். மன்றாடவுமில்லை, அதட்டவுமில்லை.

அந்த நேரம் பார்த்து முந்தானை முள்கம்பியில் மாட்டியது.

"ஐயோ, என் பட்டு!" ரோசலின் குனிந்தாள்.

கால் எழுந்தது. அவர் உள்ளங்கைக்குள் தானாக வந்து உட்கார்ந்தது. தண்ணீர்க் குடம் மாதிரிக் கனம். ஆடவில்லை. இழுக்கவில்லை. அவர் மூச்சை நான்கு வரை எண்ணினார். பூவை வைப்பதுபோல அதைத் தரையில் வைத்தார்.

"நல்லது," என்றார்.

ரோசலின் முந்தானையோடு நிமிர்ந்தாள்.

"என்ன, ஆரம்பிக்கலையா?"

"தூக்கிடுச்சு ரோசி."

"எப்போ?"

"இப்பத்தான்."

"நான் பார்க்கலை."

"கையில வாங்கி வச்சேன். நாலு எண்ணுற வரைக்கும் நின்னுது."

"அதான் நான் பார்க்கலைங்கறேனே. இன்னொரு தடவை தூக்கச் சொல்லுங்க."

போனில் நம்பர் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது.

துரை அசையாமல் நின்றது. அவர் கை இன்னும் அதன் முதுகில் இருந்தது. ஒரு சொல் போதும். தூக்கினாலும் தூக்கும்.

இன்னாசி சார் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

துரை புல்லைப் பார்த்து நடந்தது.

"என்னங்க! உங்களுக்கு அது வேணுமா, வேணாமா?"

"வேணும்."

"அப்புறம்?"

"அது செஞ்சுடுச்சு ரோசி. பார்க்காதது நீதான்."

ரோசலின் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தொரு வருடத்தில், அவள் வைத்த ரசத்தைக்கூட அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நல்லது என்று சொன்னதில்லை. அடுப்பில் கறி தீயும் வாசனை வந்தது. அவள் திரும்பவில்லை.

போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"