மாசியில் மஞ்சள் பூத்த தலை

ஊருக்கு வெளியே ஒரு பெரிய கிணறு. அதன் மேலே சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் குடியிருந்தன. அந்தக் கூட்டத்தில் முடுக்கன் என்று ஓர் ஆண்குருவி. எதிலும் அவனுக்கு அவசரம். மற்றவர்கள் இரை தேடப் புறப்படும்போது அவன் தின்று முடித்து அலகைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

மாசி மாதத்தில் கிணற்றை ஒட்டிய சாலையில் உயரமான விளக்குக் கம்பம் ஒன்றை நட்டார்கள். இரவெல்லாம் பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். முடுக்கனின் கிளை அதற்கு நேர் எதிரே இருந்தது. குருவிகளுக்குக் கண் வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டைத் தாண்டியும் வெளிச்சம் மூளைக்குள் போகும். பகல் நீண்டுவிட்டது என்று மூளை நினைத்துவிட்டால் உடம்பில் ஒரு சாறு ஊறும். படித்தவர்கள் அதை ஹார்மோன் என்பார்கள். குருவிக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அது ஊறிவிட்டால் சும்மா உட்கார முடியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

முடுக்கனுக்கு ஊறிவிட்டது. தலை மஞ்சளாகப் பூத்தது. மற்ற ஆண்கள் எல்லாம் பழுப்பாகவே இருக்க, இவன் மட்டும் மாப்பிள்ளைக் கோலத்தில் கிளைக்குக் கிளை தாவினான். கூடு கட்டப் பச்சைப் புல் வேண்டும். அது எங்கே இருக்கிறது? வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அவன் அதற்கெல்லாம் அசருகிறவனா? விடியற்காலையில் பனியில் நனைந்து கொஞ்சம் வளைந்துகொடுக்கும் வைக்கோலை இழுத்து வந்து பின்ன ஆரம்பித்தான்.

அதே மரத்தில் இருந்த கரிச்சான் குருவி அவனை நன்றாக ஏற்றிவிட்டது. அதற்கென்ன, விளக்கடியில் மொய்க்கும் பூச்சிகளைத் தின்று அதன் தொப்பை பெருத்திருந்தது. இனி இந்த ஊரில் பஞ்சமே கிடையாது, மழைக்காகக் காத்திருப்பவன் முட்டாள் என்று அது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது.

கூடு பாதி முடிந்ததும் முடுக்கன் சிறகடித்துப் பாடினான். கூட்டைப் பார்க்க அதே கூட்டத்துப் பெண்குருவி தவிட்டி வந்தாள்.

தவிட்டி போன வருடம்தான் முதன்முறையாக முட்டையிட்டாள். மழை பொய்த்துப்போனது. பொரித்த குஞ்சுகள் வாயைத் திறந்தபடியே கிடந்தன. ஊட்ட ஒரு புழு கிடைக்கவில்லை. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. இந்த வருடம் பிள்ளைகளைப் பறக்கவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணமே இல்லை.

கூட்டை உள்ளும் புறமும் பார்த்தாள். முடிச்சுகளை இழுத்துப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பெண்குருவியின் உடம்பு வெறும் வெளிச்சத்துக்கு மசிவதில்லை. மழை வாசனை வேண்டும், பச்சை வேண்டும், இரை வேண்டும். எல்லாம் சேர்ந்தால்தான் வயிற்றில் முட்டை திரளும்.

"கூடு நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா என் உடம்பு இன்னும் சரிங்கலை," என்றாள்.

"வெளிச்சம் வந்தாச்சு, கூடு வந்தாச்சு, நான் வந்தாச்சு. இன்னும் என்ன புள்ள வேணும்?"

"மழை வரலை. புல்லு வரலை. புழு வரலை."

விளக்கடியில் பூச்சி கொட்டிக் கிடக்கிறதே என்றான் முடுக்கன். அவளும் போய்ப் பார்த்தாள். எல்லாம் இறக்கையும் தூசியுமான அந்துப்பூச்சி. கரிச்சானுக்குச் சரி, கண் திறக்காத குஞ்சுக்குத் தொண்டையில் இறங்குமா? திரும்பி வந்து முடியாது என்று சொல்லிவிட்டாள். வேறு ஒருத்தி வருவாள் என்று முடுக்கன் முறுக்கிக்கொண்டான். தவிட்டி பறந்துபோனாள். நல்ல கூட்டைக் கைவிட்டோமோ என்று அவளுக்குப் பல நாள் மனசு அடித்துக்கொண்டது.

வேறு ஒருத்தியும் வரவில்லை. வந்தவர்களும் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் உடம்பும் அதையேதான் சொன்னது.

சித்திரையில் ஒரு மாலை சூறைக்காற்று சுழன்றடித்தது. வெயிலில் காய்ந்த வைக்கோல் முடிச்சுகள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்தன. கூடு பிய்ந்து, சுழன்று, கிணற்றுக்குள் போய் விழுந்தது. தவிட்டி பதறிப்போய்க் கூடவே பாய்ந்தாள். முட்டை இடவில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தாயின் வயிறு கேட்குமா? தண்ணீர் வற்றிய கிணற்றின் அடியில் கவிழ்ந்து கிடந்த கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை. அந்த வெறுமையைப் பார்த்து அவளுக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து நன்றாக மூச்சு விட்டாள். பின்னாலேயே வந்த முடுக்கனும் எட்டிப் பார்த்தான்.

ஆனியில் மழை பிடித்துக்கொண்டது. தவளைகள் கத்தின. வயலில் பச்சை எழுந்தது. ஆண்களின் தலையெல்லாம் மஞ்சளானது. முடுக்கன் இந்த முறை பச்சைப் புல்லை நீளமாகக் கிழித்து வந்து பின்னினான். தவிட்டி வந்து பார்த்தாள். இப்போது அவள் உடம்பும் சரி என்றது. கூடு முழுதாக முடிந்ததும் முட்டையிட்டாள்.

குஞ்சுகள் பொரித்த பிறகுதான் முடுக்கனுக்கு வேலை என்றால் என்னவென்று தெரிந்தது. தவிட்டி பெற்றவள், அவள் ஊட்டிக்கொண்டே இருந்தாள். அவனும் கூடமாட ஓடினான். எத்தனை புழு கொண்டுவந்தாலும் வாய்கள் திறந்தே இருந்தன. நல்லவேளையாக வயலெங்கும் வெட்டுக்கிளியும் பச்சைப்புழுவும் நெளிந்தன.

ஒரு நாள் அவன் களைத்துப்போய்க் கிளையில் உட்கார்ந்தான்.

"மாசியில இவ்வளவுக்கும் நான் எங்க புள்ள போயிருப்பேன்?"

"அதான் மச்சான் நான் வரலை," என்றாள் தவிட்டி.

அந்த வாரமே எல்லாக் குஞ்சுகளும் கூட்டிலிருந்து பறந்தன. கடைசிக் குஞ்சும் தட்டுத்தடுமாறிக் கிளையைப் பிடித்ததைப் பார்த்த பிறகுதான் தவிட்டி தனக்கென்று ஒரு புழுவைத் தின்றாள்.

நமக்கு அவசரம் என்பது போதாது. நம்மை நம்பி வரப்போகும் உயிருக்கு உணவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே எதையும் தொடங்க வேண்டும்.