நரி தந்த பரிசுக்கூடை

மருதங்காட்டில் ஒரு மைனாவும் ஓர் உடும்பும் சேர்ந்து, குட்டிகளுக்காகக் கல்வி வலைத்தளம் ஒன்றை நடத்திவந்தன.

முன்பெல்லாம் குளக்கரையில்தான் பாடம் நடக்கும். மான் குட்டியும் முயல் குட்டியும் ஒரே நிழலில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மைனா ஈர மணலில் வரைந்து காட்டும். ஒரு கோடையில் குளம் வற்றிவிட்டது. தண்ணீர் தேடிக் குடும்பங்கள் வெவ்வேறு மலைகளுக்குப் போய்விட்டன. பிரிந்துபோன குட்டிகளுக்காக வந்ததுதான் அந்த வலைத்தளம். ஆனால் அதை எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

"வினாடி வினா வைப்போம்! ஜெயிக்கிற குட்டிகளுக்குப் பரிசு கொடுப்போம்!" என்றது மைனா.

"பரிசுக்கு எங்கே போவது? நம்மிடம் ஒரு நாவல்பழம்கூட இல்லையே!" என்றது உடும்பு.

"ஸ்பான்சர் பிடிப்போம்!"

இரண்டும் போய்க் கரடியிடம் கேட்டன. "எனக்கே தேன் பத்தவில்லை!" என்று அது திரும்பிப் படுத்துக்கொண்டது. நரியோ வாசலுக்கே வந்து வரவேற்றது.

"கூடை கூடையாகப் பழம் தருகிறேன், மைனாக்கா! ஒரே ஒரு சின்ன விஷயம். உங்கள் தளத்தில் 'ஆபத்தான காலடித் தடங்கள்' என்றொரு பாடம் இருக்கிறதே, அதில் என் தடத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். பரிசு கொடுக்கிறவனையே திட்டினால் நன்றாகவா இருக்கும்?"

"வேண்டாம்!" என்றது உடும்பு.

"ஒரே ஒரு படம்தானே! குட்டிகளெல்லாம் மறுபடி ஒன்றாகச் சேர வேண்டாமா?" என்று கெஞ்சியது மைனா. உடும்பால் மறுக்க முடியவில்லை. நரித் தடத்தின் படத்தை எடுத்துவிட்டன.

அறிவிப்பு வந்ததும் எல்லா மலைகளிலிருந்தும் குட்டிகள் குவிந்தன. பழைய குடும்பப் பெயர்களைத் திரையில் பார்த்துப் பார்த்து மைனா பூரித்துப்போனது.

மறுவாரம் ஒரு முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது. "என் மகள் வழியில் ஒரு தடத்தைப் பார்த்தாள். உங்கள் பாடத்தில் தேடினாள், அது இல்லை. ஆபத்தில்லை என்று நினைத்து நடந்திருக்கிறாள். புதரிலிருந்து நரி பாய்ந்துவிட்டது! உயிர் பிழைத்தாள், ஆனால் பின்னங்கால் போய்விட்டது!"

மைனா அழுதது. அன்றே படத்தைத் திரும்பச் சேர்த்தது. நடந்ததை மறைக்காமல் எழுதி மன்னிப்புக் கேட்டது. கூடைகளைத் திருப்பி அனுப்பியது.

"பரிசு இல்லாமல் எந்தக் குட்டி வரும்?" என்று நரி சிரித்தது.

மன்னிப்பைப் படித்த ஒரு மான் மலையிறங்கி வந்தது. "டீச்சர், அன்றைக்குக் குளக்கரையில் நரித் தடத்தை மணலில் வரைந்து காட்டினீர்களே, அதனால்தான் இன்று நான் உயிரோடு இருக்கிறேன். இந்த நெல்லிக்காய்களைப் பரிசாக வைத்துக்கொள்ளுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்!"

அணில்கள் பாதாம் கொட்டை கொண்டுவந்தன. கரடியும் வெட்கப்பட்டு ஒரு தேனடை அனுப்பியது.

பாதிக் குட்டிகள்தான் போட்டிக்கு வந்தன. ஜெயித்தவர்களின் வீட்டுக்கு மைனாவே பரிசை எடுத்துப் பறந்தது. போன வீட்டிலெல்லாம் அம்மாக்கள் அதைப் பிடித்து உட்காரவைத்து, இருட்டும் வரை குளக்கரைக் கதைகளைப் பேசினார்கள்.

கற்பிக்க வேண்டிய உண்மையை விட்டுக்கொடுத்து வாங்குகிற உதவி, உதவியே அல்ல.