அண்ணாச்சி கொடுத்த தண்ணீர்

இதை எனக்கு முதலில் சொன்னது பவளக்கொடி நர்ஸ். இந்த மாசி பிறந்த அன்றைக்கு, பஸ்ஸுக்காக நின்றபோது சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன். கூட ஒரு வார்த்தை சேர்ந்துவிட்டால் அது என் பிழை, சாமி பொறுத்துக்கொள்ளட்டும்.

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் சிவகாமி என்று ஒரு டாக்டரம்மா. பக்கவாதத்துக்குப் பெரிய டாக்டர். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைகால் மறுபடி அசைந்து வழங்க என்னென்ன செய்யவேண்டும் என்று, சுற்றுப்பட்டு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதித் தரும் பொறுப்பு அவரிடம் வந்தது.

ஐம்பத்தைந்து வயதில் அவர் ஒரு காரியம் செய்தார். நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் எஸ்தரிடம் போய், "எனக்குக் கத்துக்கொடு" என்று கேட்டார். எஸ்தருக்கு முப்பத்துநாலு வயது. அதிலிருந்து சனிக்கிழமைதோறும் டாக்டரம்மா பயிற்சிக் கூடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"டாக்டரம்மா பள்ளிக்கூடம் வந்தாச்சு. சிலேட்டு எங்கம்மா?" என்று நோயாளிகள் கேலி பேசுவார்கள்.

"சிலேட்டு இருக்கு. குச்சியைத்தான் தின்னுட்டேன்" என்பார் அவர்.

நாற்பது பக்கம் எழுதியாயிற்று. திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சனிக்கிழமை அவர் கேட்டார்.

"எஸ்தர், ஒண்ணு மட்டும் பிடிபடல. கவனிக்க ஆளில்லாத சிலருக்குக் கை சீக்கிரமா வழங்குது. மகன், மருமகள்னு தாங்குற வீட்டுல சிலருக்குக் கை மடங்கியே கிடக்குது. இதுக்கு நான் என்ன எழுதட்டும்?"

எஸ்தர் எழுந்து செருப்பை மாட்டினாள். "ஆவுடையப்பன் அண்ணாச்சி வீடு பக்கத்துலதான். போயிட்டு வருவோமா மேடம்?" என்றாள்.

அண்ணாச்சி பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிப்பவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து மூன்று மாதம் ஆகிறது. நடை வந்துவிட்டது. விரலும் அசைகிறது. ஆனால் கை மடியை விட்டு எழும்பவில்லை. சித்திரைக்குள் வந்தால் உன் இடம் உனக்கு, இல்லையென்றால் வேறு ஆள் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா, எஸ்தர், பவளக்கொடி மூன்று பேரும் போனார்கள். பவளக்கொடி ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

மருமகள் கோமதி அப்போதுதான் அண்ணாச்சிக்குச் சோறு ஊட்டி, வாய் துடைத்துவிட்டிருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா. நீங்க எழுதுனதுல ஒண்ணு தவறல. மாமாவ ஒரு துரும்பு தூக்க விடல நாங்க" என்றாள்.

சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள். லேமினேட் செய்து, மூலைக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்து மாட்டியிருந்தது. டாக்டரம்மா கிட்டே போய்ப் பார்த்தார். வீட்டுக்கு அனுப்பும்போது அவரே எழுதிக் கொடுத்த தாள். 'குடும்பத்தார் இவரை முழுக் கவனிப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.' அடியில் அவர் கையெழுத்து.

எஸ்தர் அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, வெயில்ல வந்தது நாக்கு வறளுது. குடிக்கத் தண்ணி வேணுமே."

கோமதி எழுந்தாள்.

"நீங்க இருங்கக்கா. அண்ணாச்சி கையால குடுக்கட்டும்."

பக்கத்து ஸ்டூலில் செம்பும் டம்ளரும் இருந்தன. அண்ணாச்சி கோமதியைப் பார்த்தார். வீட்டுக்கு வந்தவள் தண்ணீர் கேட்டுவிட்டாள். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

முதலில் தோள் நகர்ந்தது. பிறகு முழங்கை. கை டம்ளரைத் தொடவே நாலு நிமிஷம் ஆனது. தொட்டதும் டம்ளர் உருண்டு கீழே விழுந்தது. கோமதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா எடுத்துக் கொடுக்கக் குனிந்தார். எஸ்தர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது என்று பவளக்கொடி சொன்னாள்.

அண்ணாச்சி இடது கையால் டம்ளரை எடுத்து நிறுத்தினார். செம்பைச் சரித்தார். பாதி தரைக்குப் போனது.

"கடையில இம்புட்டு நேரம் எடுத்தா ஏவாரம் விளங்கிரும்" என்றார். வாய் கொஞ்சம் கோணித்தான் வந்தது பேச்சு.

"இன்னிக்கு ஒரே ஒரு ஏவாரம்தான் அண்ணாச்சி. நான் வேற கடைக்குப் போக மாட்டேன்."

வலது கை டம்ளரைச் சுற்றியது. இடது கை அடியில் தாங்கியது. இரண்டும் சேர்ந்து நடுங்கி நடுங்கி வந்தன. டம்ளரில் இரண்டு மடக்குத் தண்ணீர் மிச்சம் இருந்தது. எஸ்தர் அண்ணாந்து குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். அண்ணாச்சி அதை வலது கையை நீட்டி வாங்கினார். வாங்கிய பிறகுதான் நீட்டியது எந்தக் கை என்று அவருக்கே தெரிந்தது.

கோமதி ஈரத்தைத் துடைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு மாசமா நானே கெடுத்துட்டேனா டாக்டரம்மா?"

"இல்ல கோமதி. நான் எழுதினதத்தான நீ செஞ்ச" என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரும் வழியில் அவர் கேட்டார்.

"எஸ்தர், இதை ஒரு வரியில எப்படி எழுதறது?"

"எவ்வளவு நேரம் ஆச்சு மேடம்?"

"பதினோரு நிமிஷம்."

"டம்ளர் விழுந்ததுக்கு அப்புறம் உங்க கை எங்க இருந்துச்சு?"

"நீதான பிடிச்சு வச்சிருந்த."

"எல்லா வீட்டுக்கும் போய்ப் பிடிச்சுக்க என்னால ஆகாது மேடம். அதுக்குத்தான உங்க புத்தகம்."

டாக்டரம்மா நடந்தபடியே பையிலிருந்து அந்த நாற்பது பக்கத்தையும் எடுத்து, 'முழுக் கவனிப்பு' என்று எங்கெங்கே எழுதியிருக்கிறார் என்று முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.

பவளக்கொடி சொன்னது இவ்வளவுதான். சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்கு நீங்கள் விளக்கேற்றும்போது, ஆவுடையப்பன் அண்ணாச்சி பெயரையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.