எறும்பு மொய்க்காத இனிப்பு

தேனடை தொங்காத மரமே இல்லாத ஒரு காட்டில் சடையன் என்றொரு கரடி இருந்தது. தேன் என்றால் அதற்கு உயிர். தின்று தின்று உடல் பெருத்து, நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது.

வைத்தியர் மரங்கொத்தி வந்து, சடையனின் மார்பை டொக் டொக் என்று தட்டிக் கேட்டது.

“இதயம் களைத்துவிட்டது. தேனை விடு. தினமும் ஓடைவரை நட. இல்லாவிட்டால் அடுத்த மழையைப் பார்க்கமாட்டாய்!”

மனைவி காத்தாயி தேனடைகளை எல்லாம் ஒளித்து வைத்தது. சடையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

இதை மோப்பம் பிடித்து ஒரு நரி வந்தது. கையில் ஒரு பானை, அதில் வெள்ளைப் பொடி. பானைமேல் சிவப்பாக ஓர் இதயப் படம் வேறு! என்ன துணிச்சல் பாருங்கள், குழந்தைகளே!

“அக்கா, ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை! இது தேனைவிட இனிக்கும். இதயத்துக்கு ஒரு கெடுதலும் வராது. நான் பொறுப்பு!”

காத்தாயி நம்பியது. தேனடைகளைக் கொடுத்துவிட்டுப் பானையை வாங்கிக்கொண்டது.

“கெடுதல் இல்லையாமே!” என்று சடையன் பொடியை அள்ளி அள்ளித் தின்றது. “தேனைத்தான் விட்டாயிற்றே, நடை எதற்கு?” என்று படுத்தும் கொண்டது.

ஒரு மாதம் போனது. ஒரு காலையில் சடையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது.

“முன்னைவிட மோசம்! என்ன தின்றான்?” என்று மரங்கொத்தி கத்தியது.

காத்தாயி பானையை எடுத்துக் காட்டியது. அப்போதுதான் அதன் கண்ணில் பட்டது. மாதம் முழுக்கத் திறந்து கிடந்த பானையில் ஓர் எறும்புகூட இல்லை.

காத்தாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு நேரே நரியின் குகைக்குப் போனது. அங்கே நரிக்குட்டி, காத்தாயி கொடுத்த தேனடையை நக்கிக்கொண்டிருந்தது.

“வா கண்ணு, உன் அப்பா விற்கிற பொடியைக் கொஞ்சம் தின்று பார்” என்று காத்தாயி ஒரு பிடி அள்ளி நீட்டியது.

நரி பாய்ந்து வந்து தட்டிவிட்டது. “ஐயோ அக்கா! பச்சைக் குட்டி! அதன் இதயம் தாங்குமா?”

“அடப் பாவி! உன் குட்டிக்கு இருப்பது இதயம், என் வீட்டுக்காரருக்கு இருப்பது கருங்கல்லா?”

பானை நரியின் தலையில் உடைந்தது. வாயில் அப்பிய பொடியைத் துப்பிக்கொண்டே நரி காட்டைவிட்டு ஓடியது.

அடுத்த மழை வந்தபோது, சடையன் நனைந்தபடி ஓடைக்கு நடந்துகொண்டிருந்தது. “அவன் சொன்னானாம், இவர் தின்றாராம்!” என்று திட்டிக்கொண்டே காத்தாயி பின்னால் போனது.

நீதி: தன் பிள்ளைக்கு ஊட்டத் துணியாததை ஊருக்கு நல்லது என்று விற்பவனை நம்பாதே.