ஞாயிறு கல்யாணம், செவ்வாய் வாக்கு

அமெரிக்கா இங்கிலாந்து அரசனை அனுப்பிவிட்டுத் தன் காலில் நிற்கப் பழகிக்கொண்டிருந்த காலம். நியூ ஜெர்சியில் ஆல்டர்துறை என்றொரு ஆற்றங்கரை ஊர். அந்த ஊரே ஒரு கல்யாணத் தேதியில் மூக்கை நுழைத்த கதை இது. கவனமாகக் கேளுங்கள், கடைசியில் தீர்ப்பு உங்களிடம்தான்.

படகோட்டி ஜோத்தமுக்கும் கெட்டூராவுக்கும் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். கெட்டூரா கணவனை இழந்தவள், சொந்த நிலம் உள்ளவள். அந்த மாநிலத்தில் அப்போது சொத்துள்ள தனிப்பெண்ணுக்கு வாக்கு உண்டு. மறுமணம் செய்தால் சொத்து கணவன் கைக்குப் போகும், அதோடு வாக்கும் போய்விடும்.

செவ்வாயன்று ஊர் கூடி, ஆற்றில் பாலம் கட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அக்கரைச் சந்தையில் மாவு விற்கும் விவசாயிகளுக்குப் பாலம் வேண்டும். படகுத்துறையை நம்பிப் பிழைக்கும் விடுதிக்காரர்களுக்கு வேண்டாம். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாயிற்று: கெட்டூரா வாக்களித்தால் பாலம், இல்லாவிட்டால் பழையபடி படகு.

அவள் பாலத்தின் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். சில குளிர்காலங்களுக்கு முன் அவள் கணவன் காய்ச்சலில் கிடந்தபோது மருத்துவர் அக்கரையில் நின்றார். அழைத்துவரப் போன ஜோத்தம், மிதந்துவந்த பனிப்பாளங்கள் படகை நொறுக்கப் பார்த்ததால் பாதி ஆற்றிலிருந்து திரும்பிவிட்டான்; அவள் கணவன் பிழைக்கவில்லை. அவள் ஒருநாளும் அவனைக் குறை சொன்னதில்லை. அவனுக்குத்தான் அந்த நினைப்பு வந்தால் சாப்பாடு இறங்காது.

கல்யாணம் ஞாயிறு தவறக்கூடாதென்று விடுதிக்காரர்கள் ஜோத்தமுக்குப் புதுக் கோட்டே தைத்துக் கொடுத்தார்கள். விவசாயிகளோ கெட்டூராவிடம் வந்து, கல்யாணம் எங்கே ஓடியா போகிறது என்றார்கள். உண்மையில் ஓடித்தான் போகும். ஊர் ஊராகச் சுற்றும் போதகர் இந்த ஞாயிறை விட்டால் இலையுதிர்காலத்தில்தான் திரும்புவார்.

சனிக்கிழமை ஜோத்தம் அந்தக் கோட்டோடு அவள் வீட்டுக்குப் போனான்.

"கல்யாணத்தைத் தள்ளி வெப்போம், கெட்டூரா. செவ்வாய்க்கிழமை போய் உன் மனசுல உள்ளதச் சொல்லு."

"உன் பிழைப்புக்கு எதிரா நான் வாய் திறக்கணுமா? நாளைக்கே நடக்கட்டும். என் வாக்க உனக்குக் கொடுத்ததா நெனச்சுக்கோ."

அவன் கெஞ்சினான், அவள் அழுதாள். இருவரும் இறங்கி வரவில்லை. இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கச் சண்டை போடுகிறவர்களை என்னவென்று சொல்வது? இருவர் பிரியமும் உண்மை. ஆனாலும் ஒன்றுதானே நடக்க முடியும்? இருவரில் யார் சொன்னது சரி?

விடை: ஜோத்தம் சொன்னதே சரி. அவன் இழக்கத் துணிந்தது தன் பிழைப்பை. அவள் கொடுக்க நினைத்த வாக்கோ, அடுத்த பனியில் மருத்துவரை எதிர்பார்த்து இக்கரையில் காத்திருக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்து உரியது. அவன் அதைச் சொன்னதும் அவள் கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சம்மதித்தாள். ஞாயிறன்று போதகருக்கு விருந்து மட்டும் கிடைத்தது. செவ்வாயன்று ஜோத்தம் படகுக்கென்று உரக்கச் சொன்னான், பிழைப்பல்லவா. கெட்டூரா அவனைப் பார்த்தபடியே பாலத்துக்கென்றாள். இருவரும் ஒரே வண்டியில் வீடு திரும்பினார்கள். இலையுதிர்காலத்தில் போதகர் வந்தபோது பாலம் பாதிதான் முடிந்திருந்தது. புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவரை அக்கரையிலிருந்து படகில் ஏற்றிவந்தவன் மாப்பிள்ளைதான்.